ஓரத்துண்டு

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் போன வாரம் ஒரு டப்பாவைத் திறந்து என் மேஜையில் வைத்தாள். ஓட்ஸைப் பாலில் ஊறவைத்து, வாழைப்பழமும் பேரீச்சையும் முந்திரியும் சேர்த்து, ஓவனில் சுட்டுச் சதுரம் சதுரமாக வெட்டிய காலைச் சாப்பாடு. செல்போனில் பார்த்துச் செய்தாளாம். "ஒடம்புக்கு ரொம்ப நல்லதுக்கா, ஒரு துண்டு எடுங்க" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதெல்லாம் எனக்கு ஆவாது, எடுத்துட்டுப் போ" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. டப்பாவை மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

பாவம், அவள் மேல் எனக்கென்ன கோபம்? யார் மேல் கோபம் என்று வரிசையாகவே சொல்ல முடியும். முதலில் அப்பா. அடுத்து அம்மா. கடைசியாக, ஒன்பது வயதில் இரட்டைச் சடையும் ரிப்பனுமாக ஒரு பேக்கரி வாசலில் நின்றாளே ஒருத்தி, அவள். அவளை நினைத்தால்தான் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. மாமா என்று ஒருவர் ஒரு வருஷம் இருந்தாராம். அவரைப் பற்றிக் கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் உடனே ஏதாவது அவசர வேலை வந்துவிடும். அவர் போன பிறகு அத்தை குவைத்துக்குப் போனாள். நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு மாத லீவில் வருவாள். பெட்டி திறக்கும் நாள் எங்கள் வீட்டில் கிறிஸ்மஸை விடப் பெரிய திருநாள். சோப்பு, சாக்லேட், பால் பவுடர், அப்பாவுக்குச் சட்டைத்துணி, அம்மாவுக்கு ஜரிகை வைத்த சேலை. பெட்டியை அடிவரை துழாவினாலும் அத்தைக்கென்று ஒன்றும் இருக்காது. அதை அப்போது யாரும் தேடிப் பார்க்கவும் இல்லை.

அத்தை குவைத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா அப்படித்தான் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். கோயிலில் பூசை முடிந்து நின்று பேசும்போது சொல்வார். துறைமுகத்துக்கு எதிரே அவர் வேலை பார்த்த கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சொல்வார். என்னிடமும் அதைத்தான் சொன்னார். பத்தாவதோடு நின்ற அத்தை எப்படி நர்ஸானாள் என்று கேட்க எனக்கு வயது போதாது. கேட்கும் வயதில் இருந்தவர்களுக்கு வாயில் அத்தை கொண்டுவந்த சாக்லேட் இருந்தது.

நான் ஒரு படி மேலே போனேன். பள்ளிக்கூடத்தில் 'எனக்குப் பிடித்தவர்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, அத்தை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு அரபிக்காரர்களுக்கு ஊசி போடுவதைப் பக்கம் பக்கமாக எழுதினேன். டீச்சர் நட்சத்திரம் போட்டு வகுப்பில் வாசிக்க வைத்தார். அந்த வருஷம் லீவில் வந்த அத்தையிடம் நோட்டை நீட்டினேன். முழுவதும் வாசித்தாள். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "கையெழுத்து அழகா இருக்குளா" என்றாள். கையெழுத்தைப் பற்றி யார் கேட்டது என்று எனக்குப் பெரிய மனத்தாங்கல்.

அந்த வருஷம்தான் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. டாக்டர் காலையில் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார். அம்மா கஞ்சியாகக் காய்ச்சினாள், உப்புமாவாகக் கிண்டினாள். அப்பா இரண்டையும் பார்த்துவிட்டு, இதைக் கொண்டுபோய்க் கட்சிக்காரர்களிடம் கொடு, போஸ்டர் ஒட்ட உதவும் என்றார். அத்தைதான், "நா ஒண்ணு செஞ்சு தாரேன் அண்ணே, வேண்டாண்டு சொல்ல மாட்டீய" என்றாள். அதற்கு ஓவன் வேண்டும். எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் தெருமுனையில் பேக்கரி இருந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்மஸ் நெருங்கினால் வீட்டிலேயே கேக் மாவு கலக்கி, தட்டில் ஊற்றி, பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். விடியற்காலை ரொட்டியெல்லாம் எடுத்த பிறகு அந்தப் பெரிய செங்கல் அடுப்பில் சூடு மிச்சமிருக்கும். அதில் வீட்டுத் தட்டுகளை நீளக் கட்டையால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார்கள். முப்பது வீட்டுத் தட்டுகள் ஒன்றாக வேகும் இடத்தில் எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. அதனால் தட்டில் பெயர் வெட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லாத தட்டைப் பேக்கரி அண்ணாச்சி வாங்கவே மாட்டார். முந்தின வருஷம் ஒரு வீட்டு பிளம் கேக் இன்னொரு வீட்டுக்குப் போய், அவர்கள் அதைச் சம்பந்தி வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, பெரிய கலாட்டா ஆகியிருந்தது.

தட்டு வாங்க அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பாத்திரக்கடையில் ஆழமான அலுமினியத் தட்டு ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்தாள். பெயர் வெட்டுகிறவர் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, என்ன பேர் போட என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு அப்பா பெயரைச் சொன்னேன். எங்கள் வீட்டுக் குடம், அண்டா, தூக்குவாளி, ஏன், கரண்டிகளில்கூட அப்பா பெயர்தான். அதில் பாதி அத்தை அனுப்பிய காசில் வாங்கியவை என்பது எனக்குத் தெரியும். அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. அத்தை என் தோளில் கையை வைத்து, "இல்ல அண்ணாச்சி, எம்பேரு போடுங்க" என்று தன் பெயரைச் சொன்னாள். அவர் இனிஷியல் கேட்டார். அத்தை கொஞ்சம் யோசித்தாள்.

"அது வேண்டாம். பேரு மட்டும் போதும்."

மிஷின் கிர்ரென்று அத்தையின் பெயரைத் தட்டின் விளிம்பில் வெட்டியது. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அவள் அந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தாள். புதுத் தட்டில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அம்மா அந்தத் தட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது பெயரைத்தான். "என்ன, தனியாப் பேரு வெட்டிருக்கு? தனிக்குடித்தனம் போற மாதிரில்லா இருக்கு" என்றாள் சிரித்துக்கொண்டே. அம்மா சிரித்துக்கொண்டு சொல்வதில்தான் கவனமாக இருக்க வேண்டும். "பேக்கரில குடுக்கதுக்குத்தான மைனி" என்று அத்தையும் சிரித்தாள்.

மறுநாள் காலை அவள் கலக்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முந்தின நாளே ஓட்ஸைப் பாலில் ஊறப் போட்டிருந்தாள். உடன்குடிக் கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைய வைத்து, மண் போக வடிகட்டி ஊற்றினாள். இரண்டு முட்டை, கொஞ்சம் நெய், ஒரு சிட்டிகை உப்பு, தட்டிய சுக்கு. தட்டின் அடியில் வாழைப்பழத்தை வட்ட வட்டமாக நறுக்கிப் பரப்பி, அதன் மேல் கலவையை ஊற்றினாள். பெட்டியில் வந்த பேரீச்சையும் அத்திப்பழமும் கிள்ளிப் போட்டாள். பாதாமைச் சீவித் தூவினாள். அங்கே கருப்பட்டிக்குப் பதில் வேறு ஏதோ பழுப்புச் சர்க்கரை போடுவார்களாம். இதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். நர்ஸ் அத்தைக்கு இது எப்படித் தெரியும் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நர்ஸ்தான் சமைத்துப் போட வேண்டும் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவ்வளவு புத்தி.

பேக்கரி அண்ணாச்சி அதைத் தட்டோடு முகர்ந்து பார்த்துவிட்டு, இது கேக்கா கஞ்சியா என்று கேட்டார். வெந்து வெளியே வந்ததும் அவர் கேட்கவில்லை. மேலே பொன்னிறமாக மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று, கருப்பட்டி வாசனை தெருவுக்கு வந்தது. அண்ணாச்சி உரிமையோடு ஒரு துண்டு வெட்டித் தின்றார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு மக்ரூனுக்கு வைத்திருந்த முந்திரித் தூளில் ஒரு கை அள்ளி, "அடுத்த மட்டம் இதயும் மேல தூவிப் பாருங்க" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அப்பா "சுட்ட கஞ்சி" என்று பெயர் வைத்துக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டார். அம்மா இரண்டு. நான் எண்ணவில்லை. அத்தை மட்டும் துண்டு எடுக்கவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படித் தரையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, அடியில் கரிந்து ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டித் தின்றாள். ஏன் துண்டு எடுக்கவில்லை என்று கேட்டேன். "எனக்கு ஒட்டுனதுதான்ளா ருசி" என்றாள். அதற்குப் பிறகு அவள் சுரண்டும் சத்தம் கேட்டாலே நான் கா கா என்று கத்துவேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இரண்டு மூன்று தடவை தட்டு போய்வந்த பிறகு அண்ணாச்சி ஒரு பேச்சு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து கூட்டம் வரும். கிறிஸ்மஸ் வரைக்கும் ஞாயிறுதோறும் இரண்டு தட்டு போட்டு, கடை வாசலில் மேஜை போட்டு அத்தையே வெட்டிக் கொடுக்கட்டும். ஓடினால் தை மாதத்திலிருந்து தினமும் காலையில் வைக்கலாம்.

"அடுப்பு என்னுது, கை ஒங்களுது. ஊர்ல பாதிப்பேருக்குச் சக்கர வியாதி. கருப்பட்டி போட்டதுன்னு சொன்னா அள்ளிட்டுப் போவான்."

கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று அண்ணாச்சிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். எங்கள் ஊரில் இன்றும் யாரும் நம்புவதில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஏளா, யார்ட்டயும் சொல்லாத. இது மட்டும் ஓடிச்சின்னா நா திரும்பிப் போவ மாட்டேன். டிக்கெட்டக் கிழிச்சிப் போட்டுருவேன். இங்கனயே இருப்பேன்" என்றாள். நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் எனக்கு வந்தது எரிச்சல். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு யாராவது தெருவில் நின்று ஓட்ஸ் விற்பார்களா? அடுத்த பெட்டி எப்படி வரும்? கட்டுரையில் எழுதியதெல்லாம் என்ன ஆவது?

முதல் ஞாயிறு இரண்டு தட்டும் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோயின. வீட்டில் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். "லீவுல பொழுது போவணும்லா" என்றார் அப்பா. அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் பாடிக்கொண்டே துணி துவைத்தாள். சொல்ல மறந்துவிட்டேன், லீவில் வந்தால் எங்கள் வீட்டுத் துணி முழுவதும் அத்தைதான் துவைப்பாள். சமையலும் அவள்தான். அந்த இரண்டு மாதமும் அம்மாவுக்கு முதுகு வலிக்கும்.

இரண்டாவது ஞாயிறு பூசை முடிந்து நானும் பேக்கரிக்கு ஓடினேன். அத்தை நீலப் பூப்போட்ட சேலை கட்டி, மல்லிகை வைத்து, மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். முதல் தட்டைத் திருப்பி வைத்திருந்தாள், வாங்க வருகிறவர்கள் பக்கம் அவள் பெயர் தெரியும்படி. விற்கத் தொடங்கும் முன் மூலையிலிருந்து ஒரு ஓரத்துண்டை எடுத்து, தாளில் வைத்து, தனியாக நகர்த்தினாள். "இத வித்துறாதீய அண்ணாச்சி" என்றாள். இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று இருக்கும் துண்டு அது. எனக்குத்தான் எடுத்து வைக்கிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். எங்கள் வீட்டில் நல்லதெல்லாம் எனக்குத்தான் வரும்.

கூட்டம் சேர்ந்தது. என் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் அம்மாவோடு வந்தாள். நான் கட்டுரை வாசித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். அவள் அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு, மனதாரத்தான் கேட்டாள், இவ்வளவு நன்றாக இருக்கிறதே, எங்கே பழகினீர்கள் என்று.

அத்தை கத்தியைத் துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"குவைத்துல ஒரு வீட்ல சமையல் வேல பாக்குதேன். பன்னெண்டு வருசமாச்சி. அந்த வீட்டுப் பிள்ளையளுக்குத் தெனமும் காலைல இதான் செஞ்சு குடுப்பேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவ்வளவு லேசான சிரிப்பை அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. வகுப்புக்காரி என் பக்கம் திரும்பி, "ஏளா, நர்ஸுன்னு சொன்ன? ஊசி போடுவாவன்னு சொன்ன? வீட்டு வேல பாக்குதவியளா ஒங்க அத்த?" என்றாள்.

அப்போது எனக்கு வந்தது வெறும் வெட்கம் இல்லை. வெறி. என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாள். நட்சத்திரம் வாங்கிய கட்டுரையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாள். பொய் சொன்னது அப்பா. எனக்குத் தெரிந்ததோ, உண்மை சொன்னது அத்தை என்பது மட்டும்தான். கோபம் அவள் மேல் பாய்ந்தது. நான் கத்தினேன்.

"இது எங்க அத்தயே இல்ல. எங்க அத்த குவைத்துல நர்ஸா இருக்காவ. இது எங்க வீட்டு வேலக்காரி."

அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் வகுப்புக்காரியின் அம்மாவுக்கும் எது உண்மை என்று நன்றாகவே தெரியும். இருந்தும் யாரும் பேசவில்லை. அத்தையின் கையில் கத்தி அப்படியே நின்றது. அவள் என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் இத்தனை வருஷம் நான் பிழைத்திருப்பேன். அவள் ஒதுக்கி வைத்திருந்த ஓரத்துண்டைத் தாளோடு எடுத்து, மேஜையைச் சுற்றி வந்து, என் முன்னால் குனிந்து, "இந்தாளா. இதத் தின்னு. அழாத" என்றாள்.

நான் அதைத் தட்டிவிட்டேன். மண்ணில் விழுந்தது. ஒரு நாய் வந்து முகர்ந்தது. நான் வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நடந்ததெல்லாம் சொன்னேன். நான் சொன்ன பொய்யை விட்டுவிட்டு, அத்தை சொன்ன உண்மையை மட்டும் சொன்னேன். அதோடு, யாரிடமும் சொல்லாதே என்று அத்தை கேட்டுக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னேன். இது ஓடினால் குவைத்துக்குப் போக மாட்டாளாம் என்று. மானம் போனதற்கு அப்பாவின் முகம் சிவந்தது. போக மாட்டாளாம் என்றதற்குச் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். இந்த வித்தியாசம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

பத்து நிமிஷத்தில் அத்தையைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்துவிட்டார். தட்டு அவள் மடியில் இருந்தது. பாதிக்கு மேல் விற்காமல் கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அப்பா கத்தினார்.

"ஊரு பூரா நர்ஸுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒனக்குக் கூறு இருக்காளா?"

"நானா அண்ணே சொல்லச் சொன்னேன்?"

அத்தை அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். அப்பா மேலே மொட்டைமாடிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே பாதி எழும்பிய சுவரும் துருப்பிடித்த கம்பிகளுமாக மேல்மாடி நின்றுகொண்டிருந்தது. "அத யாருக்குக் கட்டுதேன்? ஒனக்குத்தான? இப்ப நீ வந்து இங்கன ஒக்காந்துட்டா அது எப்பிடி முடியும்?" என்றார்.

"எனக்கு மாடி வேண்டாண்ணே. நாலு தட்டு வைக்க எடம் கெடச்சாப் போதும்."

அம்மா தட்டை எடுத்துப் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பி அப்பாவுக்குக் காட்டினாள். "நா அன்னைக்கே நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது. கூடப்பிறந்தவனை நம்பாதவள், ஒதுங்கிப்போகப் பார்க்கிறவள், நன்றி கெட்டவள் என்று அப்பாவுக்கு அதற்குப் பிறகு சொற்கள் தாராளமாகக் கிடைத்தன. நன்றி! பன்னிரண்டு வருஷம் யாருடைய சோற்றை யார் தின்றார்கள் என்று அந்த வீட்டில் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மறுநாள் அத்தை பேக்கரிக்குப் போய்ப் பார்த்தாள். அண்ணாச்சி நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் வழக்கமாகச் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: "ஒங்க அண்ணன் சம்மதிச்சாப் பாப்போம்மா. எனக்கு எதுக்குப் பொல்லாப்பு?" அதோடு முடிந்தது. கிறிஸ்மஸ் வந்தது. எங்கள் கேக் மாவு அப்பா பெயர் போட்ட பழைய தட்டில் பேக்கரிக்குப் போய் வந்தது. ஜனவரியில் டிக்கெட்டில் போட்டிருந்த தேதியில் அத்தை கிளம்பினாள். வாசலில் என்னை இழுத்து முத்தம் கொடுத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு இன்னும் கோபம் ஆறியிருக்கவில்லை.

அதன்பிறகு பத்து வருஷம் அவள் அங்கே இருந்தாள். மேல்மாடி முடிந்தது. அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு இன்ஜினியர் குடும்பத்தோடு வாடகைக்கு வந்தார். முழங்கால் தேய்ந்து, மாடியேற முடியாமல் அத்தை திரும்பி வந்தபோது, நல்ல ஆட்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாதே என்று அப்பா வருத்தப்பட்டார். ரொம்பவும் வருத்தப்பட்டார். அத்தை ஒரு வாரம் எங்கள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்துவிட்டு, எங்கள் மாவட்டத்திலேயே நாசரேத் என்ற ஊரில் ஒரு விடுதியில் சமையல் வேலை கிடைத்து, அங்கேயே ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அலுவலகப் பெண்ணிடம் எரிந்து விழுந்த அந்த வாரம்தான், எனக்கே என் மேல் தாங்காமல், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். போகும்போது பரணிலிருந்து அத்தையின் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா அதில் இத்தனை காலமும் வத்தல் காயப்போட்டிருந்தாள். விளிம்பில் பெயர் அப்படியே இருந்தது.

அத்தை தட்டைப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள். கழுவி அடுப்படிக்குக் கொண்டுபோனாள். விடுதிக்காரர்கள் கழித்துப்போட்ட பழைய ஓவன் ஒன்று அவளிடம் இருந்தது; தட்டு அதற்குள் எப்படியோ நுழைந்தது. வெந்ததும் வெட்டி, முதல் ஓரத்துண்டை என் தட்டில் வைத்தாள். அன்று பேக்கரியில் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். அத்தை தரையில் உட்கார முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, கரண்டியை எடுத்துத் தட்டைச் சுரண்டத் தொடங்கினாள். பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "இன்னும் ஒங்களுக்கு ஒட்டுனதுதான் பிடிக்குதா அத்த?" என்றேன்.

"பிடிக்கதுக்கு என்ன?" என்றாள் சுரண்டிக்கொண்டே. "குவைத்து வீட்ல எனக்குன்னு துண்டு கெடையாதுல்லா. எண்ணித்தான் வெட்டச் சொல்லுவாவ. கழுவ வரும்போது தட்டுல என்ன ஒட்டிருக்கோ அது எனக்கு. கை பழகிப் போச்சி."

கோபமே இல்லாமல் சொன்னாள். அவளுக்கும் சேர்த்து எனக்கு வந்தது. கையிலிருந்த துண்டை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. அதை அவள் தட்டில் எடுத்து வைத்தேன். "நீ தின்னுளா" என்று திருப்பி என்னிடமே தள்ளினாள்.

பேக்கரி வாசலில் தன் பெயர் வெட்டிய தட்டிலிருந்து, யாரும் எண்ணச் சொல்லாமல், அண்ணாச்சியிடம் விற்க வேண்டாம் என்று சொல்லி அவள் ஒதுக்கி வைத்த அந்தத் துண்டு எனக்காக இல்லை. அது அவள் தனக்கென்று வெட்டிக்கொண்டது. அதைத்தான் எனக்குக் கொடுத்தாள் என்பதும், அதைத்தான் நான் மண்ணில் தட்டிவிட்டேன் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.